சகலை ஊர்ப் பந்தயம்

மனிதர் மேல் பொறாமைப்படுவது எல்லோரும் செய்வது. நான் ஒரு ஊர் மேல் பொறாமைப்பட்டேன். இப்போதும் படுகிறேன். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கு இன்னொரு விளம்பரம் ஆகிவிடும், இருக்கிற விளம்பரமே அதற்கு அதிகம். மதுரையிலிருந்து மேற்கே பஸ்ஸில் ஐந்து மணி நேரம் என்றும், என் சகலை அங்கே இருக்கிறார் என்றும் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா புருஷன். உறவுகளிலேயே தொல்லை பிடித்த உறவு இதுதான். அண்ணன் தம்பி என்றால் சண்டை போட்டுக்கொள்ளலாம், மச்சான் என்றால் கேலி பேசலாம். சகலையோடு இரண்டும் முடியாது. ஒரே மாமனார் வீட்டில், ஒரே பந்தியில் உட்கார்ந்து, யார் இலைக்கு முதலில் கறி வருகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சிரித்துப் பேச வேண்டும். மூத்த மருமகன் என்பதால் அவருக்குத்தான் முதலில் வரும். எங்கள் மாமனார் ஊர் வாடிப்பட்டிப் பக்கம், தென்னையும் நெல்லும் உள்ள குடும்பம். சகலையும் இந்தப் பக்கத்து ஆள்தான், வேலைக்காக மேற்கே போனவர். அங்கே தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். நான் மதுரையில் அந்த மோட்டாருக்கு மாட்டுகிற பைப் விற்கிறேன். "மூத்தவரு செய்யிறாரு, எளையவரு மாட்டுறாரு" என்று மாமனார் ஒருமுறை விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

எனக்கு நாற்பத்தேழு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கத்தான் சொன்னார். நான் ஓட ஆரம்பித்ததற்கு டாக்டர் காரணமில்லை. அந்தப் பொங்கலுக்கு வாடிப்பட்டி போயிருந்தபோது, சகலை விடிகாலையில் வாய்க்கால் கரையோரம் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, பனியன் நனைந்திருக்க, வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். என் மனைவி எழுந்து போய் மொண்டு கொடுத்துவிட்டு, திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தாள். மறுநாளே மதுரைக்கு வந்து ஷூ வாங்கிவிட்டேன்.

ஓடத் தொடங்கிய பிறகுதான் மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை ஐந்தைந்து வயதாகப் பிரித்து ஓடவும் தாண்டவும் எறியவும் விடுவார்கள். தெற்கிலும் மேற்கிலுமாக ஒன்பது ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் போட்டி நடத்துவோம். வருடந்தோறும் அது சகலை ஊரில்தான் நடக்கும். சகலை அந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளர். நான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மதுரைச் சங்கத்தின் செயலாளர் ஆனேன். வேறு யாரும் அந்த வேலைக்கு வரத் தயாராக இல்லை. ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் இரண்டு பேருக்கும் பொது.

முதல் தடவை அங்கே போனபோது குறை கண்டுபிடிக்கும் முடிவோடுதான் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் என் ஷூவைப் பார்த்துவிட்டு, "கிரவுண்டுக்குங்களா? நீங்க எத்தன மீட்டருங்க?" என்று கேட்டார். மதுரையில் நான் இதே ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடினால், "அண்ணே, யாருண்ணே வெரட்டுறது?" என்று கேட்பார்கள். சங்கத்து ஆட்களோடு தங்கிய லாட்ஜில் சாவி கொடுத்த பெண், நாங்கள் கேட்காமலே, நாலரைக்குச் சுடுதண்ணீர் வந்துவிடும் என்றாள். ஆறரைக்கு ஓடுகிறவர்களுக்கு அப்போதுதான் தேவைப்படுமாம். எதிரில் இருந்த மெஸ்ஸில் காலை ஐந்து மணிக்கு இட்லி கிடைக்கும் என்று சிலேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். இப்படி ஒரு ஊர் இருக்குமா என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மைதானம் இன்னும் மோசம், அதாவது இன்னும் நன்றாக இருந்தது. ஓட்டத்தை முடித்து ஆட்கள் தடாலென்று உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே பந்தல். தண்ணீர் அங்கே ஒன்று, எதிர் வளைவில் ஒன்று. ஈட்டி எறிகிற பக்கம் யாரும் குறுக்கே போய்விடாமல் ஒரு அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவருக்கு அன்று முழுக்க அது ஒன்றுதான் வேலை. வேர்வை காய்வதற்குள் முடிவுகளைப் பலகையில் ஒட்டினார்கள். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, உள்ளே வாளியும் சோப்பும் இருக்கின்றன என்று என் மனைவி வந்து சொன்னாள். ஊர் திரும்புவதற்குள் அதை மூன்று முறை சொல்லிவிட்டாள். மேடை எங்கே என்று தேடினேன். மேடையே இல்லை. மைக் இருந்தது. அதில் ஓடப் போகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டார்களே தவிர, யாரும் பேசவில்லை.

இதையெல்லாம் இத்தனை நிதானமாக நான் பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் ஓட்டத்தை நான் தவறவிட்டிருந்தேன்.

நோட்டீஸில் ஐயாயிரம் மீட்டர் காலை ஆறரை என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பத்திரிகையில் ஆறரை என்று அடித்தால் எட்டு மணிக்கு என்று அர்த்தம். தாலி கட்டுகிற முகூர்த்தம் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. எட்டு மணிக்கு ஆட்கள் வரவேண்டும் என்று ஆறரை என்று போடுவார்கள். ஆறரை என்று போட்டிருப்பதால் எட்டுக்குத்தான் ஆரம்பிக்கும் என்று ஆட்கள் வருவார்கள். யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் விவரமான ஆள் என்ற நினைப்பில், சற்று முன்னதாகவே இருக்கட்டும் என்று ஏழே காலுக்குப் போனேன். சகலை கழுத்தில் மெடலோடு நின்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, பஸ் லேட்டுங்களா?" என்றார்.

இருபத்தைந்து வருடத்தில் அந்த ஊர்ப் பேச்சு அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் நம்ம ஊர்ப் பேச்சு கிளம்பும் என்று அவர் மனைவி, என் மதினி, சொல்வார். நான் பார்த்ததில்லை. அவர் என்னிடம் கோபப்பட்டதே இல்லை, அதுவும் எனக்கு ஒரு குறைதான்.

"ஆமாண்ணே, நடுவுல பஞ்சர்" என்றேன். நாங்கள் முந்தின நாள் மாலையே வந்து இறங்கியதும், லாட்ஜ் பிடித்துக் கொடுத்ததே அவர்தான் என்பதும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். "ரோடு அப்படிங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு தட்டு இட்லி வாங்கி வந்தார்.

அடுத்த வருடம் நேரத்துக்குப் போய் ஓடினேன், அவருக்கு ஒரு நிமிடம் பின்னால் வந்தேன். அதற்கடுத்த வருடம் முக்கால் நிமிடம். அவர் என்னைவிட மூன்று வயது பெரியவர். அந்த வருடம் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு வேறொரு ஆத்திரம் பிடித்துக்கொண்டது. திருவிழா நடத்தத் தெரியாத ஊரா மதுரை? லட்சக்கணக்கான ஜனத்தை ஆற்றுக்குள் இறக்கிக் கரையேற்றுகிற ஊர், ஐந்நூறு நரைத்த தலைகளை ஒரு வட்டத்தில் ஓட வைக்க முடியாதா? ஒன்பது சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் எழுந்து மதுரைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். மற்றவர்கள் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார்கள். கடைசியில் சகலைதான் எழுந்தார். "ஒரு நாள் போட்டி ஒண்ணு மதுரையில வெச்சுப் பார்க்கலாமுங்க. நல்லா நடந்தா பெரிய போட்டியவும் அங்கயே கொடுத்தறலாம்" என்றார். போட்டி நடக்கிற அன்று மத்தியானமே ஒன்பது செயலாளர்களும் கை தூக்கி முடிவு செய்வது என்றும், ஐந்து கை ஏறினால் மதுரைக்கு என்றும் பேச்சானது. கேட்டது கிடைத்துவிட்டது. அது அவர் வாயால் கிடைத்ததுதான் எனக்கு உறுத்தியது.

எங்கள் சங்கத் தலைவர் கோரிப்பாளையத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் பாய். ஒரு காலத்தில் நூறு மீட்டர் ஓடியவர், முட்டி போன பிறகு துப்பாக்கி வெடித்து ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர். அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். ஏற்பாடுகளைப் பேச அவர் கடைக்குப் போனேன்.

"மாப்ள, தண்ணி எங்கெங்க வைக்கிறம்? பந்தல் எந்தப் பக்கம்? லேடீஸ் பாத்ரூமுக்குத் தாப்பா இருக்கா, பாத்தியா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம் மாமா. மொதல்ல மேடை. அவய்ங்க ஊர்ல மேடையே கெடையாது."

"இல்லாமத்தான மாப்ள நல்லா நடத்துறாய்ங்க."

"அதான் சொல்றேன். அங்கதான் நம்ம அடிக்கணும்."

பாய் அடுப்பிலிருந்து வெந்த பன் தட்டை வெளியே இழுத்தார். பேச்சு அதோடு முடிந்தது. அவர் கேட்ட மூன்று கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை.

நான் செய்த ஏற்பாடுகளை இப்போது நினைத்தாலும் ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருக்கிறது. முப்பதடி மேடை. மேளம், நாகஸ்வரம். ஒன்பது ஊர் அணிக்கும் போடுவதற்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சொல்லி வைத்து மாலை. பொன்னாடை ஒரு கட்டு. மத்தியானம் மட்டன் பிரியாணி, சைவக்காரர்களுக்குத் தனிப் பந்தி, கடைசியில் ஜிகர்தண்டா. சிறப்பு விருந்தினராக ஊரில் இரண்டு கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதரைப் பிடித்தேன். பந்தல் செலவு அவருடையது. அதற்குப் பதிலாக, முதல் ஓட்டத்தை அவர்தான் துப்பாக்கி வெடித்துத் தொடங்கி வைப்பார் என்று வாக்குக் கொடுத்தேன். அவருக்குக் கொடுத்த பத்திரிகையில் காலை ஆறரை மணி என்று பெரிய எழுத்தில் அடித்திருந்தது.

முந்தின நாள் மத்தியானம் சகலையும் மதினியும் மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினார்கள். நேராக மைதானத்துக்குத்தான் கூட்டிப் போனேன். அது ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியின் மண் மைதானம். வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, மேடை கட்டி முடித்து, சீரியல் விளக்குகூடத் தொங்கவிட்டிருந்தோம். சகலை மேடையைத் தாண்டி நடந்து எதிர் வளைவுக்குப் போனார். குதிகாலால் மண்ணை மிதித்துப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் தண்ணி எங்கீங்க வெக்கறீங்க?"

"அண்ணே, மேடையப் பாருங்கண்ணே."

"பார்த்தனுங்க தம்பி. நல்லா இருக்குதுங்க" என்றார். முகத்தில் நான் தேடியது இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் கறிதோசை. நாளை ஓட வேண்டும் என்று சொல்லி இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். என் மனைவி அவருக்காகத் தனியாக இட்லி ஊற்றி வைத்திருந்தாள். நான் வீம்புக்கு நாலு கறிதோசை தின்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் எல்லோரும் வந்துவிட்டார்கள். மாலை போட்டோம், மேளம் கொட்டினோம். கழுத்தில் செவ்வந்தி மாலையோடு அறுபது எழுபது வயது ஆட்கள் சிரித்துக்கொண்டே நின்றதைப் பார்த்து, இப்படி அந்த ஊரில் உங்களை யாராவது வரவேற்றார்களா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. தேனிப் பக்கத்திலிருந்து எழுபத்து மூன்று வயதுப் பெரியவர் ஒருவர், வெறும் டீயைக் குடித்துவிட்டு முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். "எனக்குக் கல்யாணத்துலகூட இம்புட்டுப் பெரிய மால போடல தம்பி" என்றார். அவர் ஊர்க் கொடியை அவரே பிடித்துக்கொண்டு அணிவகுப்புக்கு நின்றார். வயதானவர்களையும் எங்களோடு சேர்த்தே ஓடவிடுவது வழக்கம் என்பதால் அவரும் ஐயாயிரம் மீட்டர்தான்.

ஆறரை ஆனது. பெரிய மனிதர் வரவில்லை. ஏழரைக்குப் போன் போட்டேன். குளித்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். எட்டேகாலுக்குப் போட்டேன். கிளம்பிவிட்டார் என்றார்கள். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. பத்திரிகையில் ஆறரை என்று பார்த்திருக்கிறார், மதுரைக்காரர், எனக்குத் தெரிந்த அதே கணக்கைத்தான் அவரும் போட்டிருக்கிறார். பாய் துப்பாக்கியோடு என்னிடம் வந்தார்.

"மாப்ள, வெயில் ஏறுது. நானே வெடிச்சு விட்டுர்றேன். அவரு வந்து பரிசு குடுக்கட்டும்."

"வாக்குக் குடுத்துட்டேன் மாமா."

"எழுவது வயசு ஆளுக நிக்கிறாக."

"இன்னும் பத்து நிமிசம்."

பாய் கேட்டது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் பெரிய மனிதர் வந்து துப்பாக்கியைத் தூக்குகிற அந்தப் படம் மனதில் பதிந்துவிட்டது. சகலை அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சகலையோ மைதான ஓரத்தில் இருந்த ஒரே வேப்ப மரத்தடியில் தன் ஊர்க்காரர்களையும் மற்ற ஊர்க்காரர்களையும் கூட்டி உட்கார வைத்து, தன் பாட்டில் தண்ணீரைச் சுற்றிலும் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

பெரிய மனிதர் வந்தபோது மணி ஒன்பது. அணிவகுப்பு, பொன்னாடை, வரவேற்புரை. வரவேற்புரை நான்தான். அதில் மதுரையின் பெருமை என்று ஆரம்பித்துவிட்டதால் சீக்கிரம் முடிக்க வரவில்லை. ஒன்பதே முக்காலுக்குத் துப்பாக்கி வெடித்தது.

ஐயாயிரம் மீட்டர் என்பது அந்த வட்டத்தைப் பன்னிரண்டரைச் சுற்று. நாலாவது சுற்றிலேயே என் வாய் காய்ந்துவிட்டது. எதிர் வளைவில் பொட்டு நிழல் இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை. பந்தல் முழுவதும் மேடையைப் பார்த்து நாற்காலிகளுக்கு மேல் இருந்தது. வயிற்றில் கறிதோசை இன்னும் கிடந்தது. சகலை எனக்கு முப்பது மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு வருடமாக நான் அதைத்தான் பார்க்கிறேன்.

எட்டாவது சுற்றில் எதிர் வளைவில் தேனிப் பெரியவர் நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தார். சகலை அவரைத் தாண்டி நாலு எட்டு போனவர், திரும்பி ஓடி வந்து மண்டியிட்டு அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தார். தன் முதுகை வெயிலுக்குக் காட்டி, அவர் முகத்துக்கு நிழல் விழும்படி குனிந்துகொண்டார்.

"தண்ணி கொண்டாங்கடா! எம்புட்டு நேரம்டா ஆளுகளக் காய விடுவீய? எவன்டா இங்க பொறுப்பு?" என்று மேடையைப் பார்த்துக் கத்தினார். சுத்தமான நம்ம ஊர்ப் பேச்சு.

பொறுப்பு நான்தான். பத்தடி தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தேன். என் மைதானம், என் விருந்தாளி. கால் இரண்டு எட்டு தயங்கியது. அப்போது நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் தடம் காலியாக இருந்தது. அந்த முதுகு அங்கே இல்லை. நான் ஓடினேன். அவர்களைத் தாண்டும்போது கோட்டின் வெளிப்பக்கமாக ஒதுங்கி, மிதித்துவிடாமல் ஓடினேன், அந்த மரியாதை மட்டும் செய்தேன்.

மேடையில் பெரிய மனிதர்களுக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடியது என் மனைவி. பெரியவர் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, தன் கொடி எங்கே என்று கேட்டார். அவரைக் கொண்டுபோய்ப் பந்தலுக்குள் படுக்க வைத்தார்கள். ஓட வந்திருந்தவர்களில் ஒரு நர்ஸம்மா பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வெயில்தான் என்றார். அதற்குள் நான் ஐம்பது வயதுப் பிரிவில் முதலாவதாக வந்து முடித்திருந்தேன். மேளம் கொட்டினார்கள். மெடல் போட்டார்கள். என் மனைவி சேலை நனைந்து நின்றுகொண்டிருந்தாள். கை தட்டவில்லை.

மத்தியானம் கல்லூரி வகுப்பறை ஒன்றில் ஒன்பது செயலாளர்களும் உட்கார்ந்தோம். கூட்டத்தை நடத்தியது ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், குண்டு எறிகிறவர். அவருக்கு ஓட்டு இல்லை. பாய் வாசல் ஓரமாக நின்றார். பிரியாணி அருமை என்று அந்த அம்மா ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றேகால் மணி நேரத் தாமதம். தண்ணீர். நிழல். பெண்கள் கழிப்பறையில் ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு, "பெரிய போட்டியை மதுரைக்குக் கொடுக்கலாம்னு நினைக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார்.

ஒரு கையும் ஏறவில்லை. பிறகு சகலை கையைத் தூக்கினார்.

"இன்னைக்குத் தப்பு நடந்துச்சுங்க, இல்லீனு சொல்லல" என்றார். "ஆனா அந்தப் பெரியவருக்குப் போட்ட மாலைய அவரு கழட்டவே மாட்டேன்னு வெச்சிருக்காருங்க. வந்தவங்களுக்கு இப்படி ஒரு மரியாத எங்க ஊர்ல நாங்க செஞ்சதில்ல. தண்ணியும் தாழ்ப்பாளும் ஒரு வாரத்துல கத்துக்கலாம். நானே முன்னாடி வந்து கூட நிக்கறேன். ஒரு வருசம் கொடுத்துப் பாருங்க."

அவர் பேச்சுக்கு அந்த அறையில் இருந்த மதிப்பு எனக்குத் தெரியும். ஒரு கை ஏறியது. இன்னொன்று. அப்புறம் தேனிச் சங்கச் செயலாளர் கை. நாலு. அம்மா எழுதத் தொடங்கிக்கொண்டே, "மதுரையோட அஞ்சு" என்று சொல்லிவிட்டு என் பக்கம் நிமிர்ந்தார்.

என் கை பெஞ்சுக்கு அடியில் இருந்தது. தூக்கினால் போதும். ஆனால் அது சகலை வாங்கிக் கொடுத்த போட்டியாக இருக்கும். அவர் ஒரு வாரம் முன்னால் வந்து, எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுப்பார். அடுத்த வருடம் எல்லாம் நன்றாக நடக்கும், ஆறரைக்கு ஆரம்பிக்கும், அதற்கு அவர் பெயர்தான் சொல்வார்கள். வாடிப்பட்டியில் மாமனார் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வெட்கத்தால் கையைத் தூக்கவில்லை என்று எழுதினால் எனக்கு மரியாதையாக இருக்கும். அது பொய். அவர் தயவில் மதுரைக்குக் கிடைப்பதைவிட, கிடைக்காமலே போகட்டும் என்று எனக்குத் தோன்றியது.

"நான் தூக்கலம்மா" என்றேன்.

"இது உங்க ஊரு சார்."

"ஆமாம்மா. அதான். இன்னைக்கி நடந்த லட்சணத்த நான் கண்ணால பாத்தேன். எங்க ஊரு இன்னும் தயாராகல."

இந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்கே தெரியவில்லை. ரொம்ப நன்றாக வந்துவிட்டன. யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். தன் ஊர்க் குறையைத் தானே எழுந்து சொல்கிற செயலாளரை இதுவரை பார்த்ததில்லை என்று அம்மா சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற பாய் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மாலையில் சகலையையும் மதினியையும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. சகலை கீழே இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெயிலில் குனிந்திருந்ததால் அவர் பின்கழுத்து கன்றிப் போயிருந்தது.

"தம்பி, எங்க ஊரா இருந்தா நான் கையத் தூக்கியிருப்பனுங்க. சத்தியமா தூக்கியிருப்பேன். எனக்கு அந்த மனசு வந்திருக்காது" என்றார். கையை விடாமலே, "உங்களப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குதுங்க" என்றார்.

எத்தனை வருடமாக நான் அவர் வாயால் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. "அட, என்னண்ணே நீங்க" என்று சிரித்தேன். அவருக்கு இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. போட்டி இந்த வருடமும் அங்கேதான்.